கண்டிப்பு எப்போது தொடங்க வேண்டும்?

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊரில் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கான கால்பந்துப் போட்டி ஒன்று நடைபெற்றது. பேரன் ஆடுகிறான் என்பதால் சனி, ஞாயிறு இரு நாள்களும் மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். பணிக்காலம் முழுவதும் வகுப்பறையில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, ஆட்டத்தைவிட ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடங்களே அதிகம் சிந்திக்கத் தந்தன.

பெண்கள் பிரிவில் ஆடிய ஒரு சிறுமிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் காது குத்தியிருந்தார்கள். தோட்டைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும் என்பது தாயின் கவலை. சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவர் இரக்கமுள்ளவர். தோட்டின்மீது பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஆட அனுமதித்தார். ஞாயிறு காலை அரையிறுதிக்கு வந்தவர் வேறொரு நடுவர். பிளாஸ்திரியைப் பார்த்ததும், தோட்டைக் கழற்றினால் ஆடலாம், இல்லையெனில் வெளியே அமர வேண்டும் என்று கூறிவிட்டார். கழற்ற முயன்றபோது ஆறாத காது வலித்தது, நேரமும் இல்லை. சிறுமி வெளியே அமர்ந்தாள். 'நேற்று மட்டும் எப்படிச் சரியாக இருந்தது?' என்று அவள் கேட்டாள். அங்கிருந்த பெரியவர்கள் எவரிடமும் அதற்கு விடையில்லை.

அன்று பிற்பகலில் இன்னொரு காட்சி. சிறுவர்களை வரிசையாக நிறுத்திய நடுவர், ஒவ்வொருவரின் கணைக்காலையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். பந்துக்காக மோதும்போது எதிராளியின் பூட்ஸ் பட்டு எலும்பு முறியாதிருக்கக் காலுறைக்குள் அணியும் ஷின்கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு சிறுவனின் காலுறையிலிருந்து வந்த ஓசை வேறாக இருந்தது. உள்ளேயிருந்து வெளிவந்தது, நான்காக மடிக்கப்பட்ட நோட்டுப் புத்தக அட்டை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், நடுவர் சிரிக்கவில்லை. சிறுவனைத் தனியே அழைத்துச் சென்று ஏதோ சொல்லி, வெளியே அமரச் செய்தார். இருபது நிமிடங்கள் கழித்து, மாற்றப்பட்டு வெளியே வந்த தோழன் ஒருவன் தன் ஷின்கார்டைக் கழற்றித் தர, அதை அணிந்துகொண்டு அச்சிறுவன் களமிறங்கினான்.

இவர்களில் யார் செய்தது சரி? மைதானத்தில் இருந்த பெற்றோரில் பெரும்பாலோர், சனிக்கிழமை நடுவரே மனிதாபிமானி என்றனர். நான் உடன்படவில்லை. சிறுமியின் ஞாயிற்றுக்கிழமைக் கண்ணீருக்கு வித்திட்டது சனிக்கிழமையின் இரக்கம்தான் என்பதே என் கருத்து. அதே வேளையில், விசில் ஊதும் நொடியில் விதியை நினைவுபடுத்தும் கண்டிப்பும் நியாயமானதன்று. எவ்வளவு கண்டிப்பு என்று விவாதிக்கும் நாம், எப்போது கண்டிப்பு என்பதை மறந்துவிடுகிறோம்.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1886-இல் தோன்றிய சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியமே இன்றும் ஆட்ட விதிகளை வகுக்கிறது. அவ்விதிகளில் நான்காவது, வீரர்களின் உடைமைகளைப் பற்றியது. கைப்பகுதியுள்ள சட்டை, அரைக்கால் சட்டை, காலுறை, ஷின்கார்டு, காலணி ஆகிய ஐந்தும் கட்டாயம். ஆபத்தான எதையும் அணியக் கூடாது. கழுத்துச் சங்கிலி, மோதிரம், வளையல், தோடு மட்டுமன்றி, தோல் பட்டை, ரப்பர் பட்டைகூட அணிகலனாகவே கருதப்பட்டு விலக்கப்படுகின்றன. அவற்றைப் பிளாஸ்திரியால் மறைப்பதற்கும் அனுமதியில்லை என்று விதி வெளிப்படையாகவே கூறுகிறது. ஆட்டம் தொடங்கும் முன் வீரர்களையும், களமிறங்கும் முன் மாற்று வீரர்களையும் சோதிக்க வேண்டும் என்பதும் விதியே.

ஆக, சனிக்கிழமை நடுவர் விட்டுக்கொடுத்தது தமக்கு உரிமையில்லாத ஒன்றை. பிளாஸ்திரி தோட்டை மறைக்குமே தவிர, தலையால் பந்தை மோதும்போது அது கழுத்தில் குத்துவதையோ, எதிராளியின் விரல் மாட்டிக் காது கிழிவதையோ தடுக்காது.

ஆனால், இதே விதியில் தண்டிக்கும் வேகம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உடைமைக் குறைபாட்டுக்காக ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. குறையைச் சரிசெய்ய வெளியே அனுப்பப்பட்டவர், சரிசெய்து, சோதனைக்கு உட்பட்டு, நடுவரின் அனுமதியோடு திரும்பலாம். கழற்ற மறுப்பவருக்கும், கழற்றியதை மீண்டும் அணிபவருக்கும், அனுமதியின்றித் திரும்ப நுழைபவருக்கும்தான் மஞ்சள் அட்டை. தற்செயலாகக் காலணியோ ஷின்கார்டோ கழன்றுவிட்டால், பந்து அடுத்துக் களத்தைவிட்டு வெளியேறும்வரை ஆடலாம். அதற்குள் கோல் அடித்தால் அந்தக் கோலும் செல்லும். குறையைக் களைவதே இவ்விதியின் நோக்கம், ஆளைக் களைவதன்று.

எல்லா உடைமைகளையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. பொருளாதாரம் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒரு பகுப்பு இங்கே உதவும். ஒருவர் செயலின் சுமை பிறர்மீது விழுமானால் அது ஒரு வகை. அவர்மீதே விழுமானால் இன்னொரு வகை. எவர்மீதும் விழாதெனில் மூன்றாம் வகை.

மோதிரம் முதல் வகை. அணிந்தவனுக்கு அது அழகு. அதனால் கன்னம் கிழிவது எதிராளிக்கு. தன் விருப்பத்தின் விலையைப் பிறர் தலையில் கட்டும் உரிமை எவருக்கும் இல்லை. இங்கே விதிவிலக்குக்கு இடமேயில்லை.

ஷின்கார்டு இரண்டாம் வகை. அணியாவிட்டால் முறிவது அணியாதவனின் எலும்பு. வயது வந்தவர்களிடம், 'அது அவர்கள் பாடு' என்று விட்டுவிடலாமா என்று கேட்க இடமுண்டு. 2024-25 பருவத்துக்கான விதிப்புத்தகம் ஏறத்தாழ அவ்வழியில்தான் சென்றிருக்கிறது. ஷின்கார்டு கட்டாயம் என்பது தொடர்ந்தாலும், அதன் அளவுக்கும் தகுதிக்கும் வீரரே பொறுப்பு என்று அது கூறுகிறது. தொழில்முறை வீரருக்கு இது பொருந்தும். பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குப் பொருந்துமா? தன் உடலுக்கு நேரக்கூடிய இழப்பை எடைபோடும் முதிர்ச்சி அவனுக்கு இல்லை என்பதால்தானே அவனுக்கு வாகன உரிமமும் வாக்குரிமையும் தருவதில்லை? விதிப்புத்தகத்தின் அந்த வரியைக் காட்டி, நோட்டு அட்டையை வைத்திருந்த சிறுவனை நடுவர் களமிறக்கியிருந்தால், சொல்லளவில் தப்பித்திருக்கலாம். மனச்சான்றின் முன் தப்பியிருக்க முடியாது. சிறார் ஆட்டத்தில் அப்பொறுப்பு பெரியவர்களைச் சேர்ந்தது.

மூன்றாம் வகை தோற்றம் பற்றியது. சட்டைக்குள் அணியும் பனியனின் நிறம் சட்டைக் கையின் நிறத்தோடு பொருந்த வேண்டும். காலுறையின்மேல் சுற்றும் ஒட்டுப்பட்டை காலுறையின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி உண்டு. தொலைக்காட்சியில் காட்டப்படும் ஆட்டங்களுக்கு இவை தேவையாக இருக்கலாம். அண்ணனின் பழைய காலுறையை அணிந்து வரும் சிறுவனை இதற்காக நிறுத்தினால், எவருடைய உடலும் காப்பாற்றப்படுவதில்லை; ஒரு குழந்தை அவமானப்படுவதுதான் மிச்சம். இரு அணிகளையும் பிரித்தறிய முடிந்தால் போதும். சொல்லிவிட்டு ஆடவிடலாம். அதைக்கூட ஒவ்வொரு நடுவரின் மனப்போக்குக்கு விடாமல், போட்டி அமைப்பாளர்களே முன்கூட்டி அறிவித்துவிடுவது நல்லது.

முதல் இரு வகைகளில் நடுவர் சூழலைப் பார்த்து நெகிழ்ந்தால் என்ன என்று கேட்கலாம். இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு விடை இருக்கிறது. ஃபின் கிட்லண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் ஆகிய இருவரும் 1977-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று, பின்னர் 2004-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான பணிகளுள் ஒன்றாயிற்று. அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு நமக்கு நன்கு விளங்கக்கூடியது. வெள்ளம் பாயும் நிலத்தில் வீடு கட்டாதீர்கள், அணை கட்டிக் காப்பாற்ற மாட்டோம் என்கிறது அரசு. ஆயினும், வீடுகள் எழுந்த பிறகு காப்பாற்றாமல் இருக்க அரசால் முடியாது என்று மக்கள் அறிவார்கள், எனவே கட்டுகிறார்கள். ஒவ்வொரு தருணத்திலும் அப்போதைக்கு நல்லதெனத் தோன்றுவதைச் செய்துகொண்டே போனால், முடிவில் கிடைப்பது எவரும் விரும்பாத விளைவு. ஏரிக்குள் எழுந்த குடியிருப்புகளைக் கண்ட நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மைதானத்தில் நடப்பதும் இதுவே. குழந்தை அழுதால் நடுவர் விட்டுவிடுவார் என்று தெரிந்த தாய், தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வரமாட்டார். நடுவர் தொட்டுப் பார்ப்பதில்லை என்று தெரிந்த பயிற்சியாளர், ஷின்கார்டு இல்லாத சிறுவனுக்காக ஏற்பாடு செய்யமாட்டார். நோட்டு அட்டையை எண்ணிப் பாருங்கள். அது காலைக் காப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. கண்ணுக்குக் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போகும் சோதனைகள் பல நடந்த பிறகே ஒரு சிறுவனுக்கு அத்தகைய யோசனை தோன்றும்.

தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே மனிதர்களைத் திருத்தும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-இல் எழுதிய நூலில் வாதிட்டார். சிறார் கால்பந்துக்கும் அது பொருந்தும். பத்து ஆட்டங்களில் ஒன்றில் மட்டும் பார்த்து, அகப்பட்டவனை ஆட்டம் முழுவதும் உட்கார வைப்பதைவிட, பத்து ஆட்டங்களிலும் பார்த்து, சரிசெய்தவனை உடனே அனுமதிப்பதே பயன் தரும்.

விதியைப் பொதுவாக ஏட்டில் வைத்துவிட்டுக் களத்தில் நழுவவிடுவதன் விலை எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு, வேறொரு விளையாட்டிலிருந்து ஒரு வழக்கைச் சொல்லலாம். இங்கிலாந்தில் 1991-இல் நடந்த இளையோர் ரக்பி ஆட்டம் ஒன்றில், இரு அணியினரும் தோளோடு தோள் கோத்து நெருக்கும் கட்டம் பலமுறை சரிந்து விழுந்தது. அதில் பதினேழு வயது இளைஞர் ஒருவர் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு முடங்கிப்போனார். இளையோருக்கென வகுக்கப்பட்ட பாதுகாப்பு நடைமுறையை நடுவர் வற்புறுத்தவில்லை என்று கூறி, நீதிமன்றம் 1996-இல் அவரைப் பொறுப்பாக்கியது. மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பு நிலைத்தது. ஆட்டத்தில் நேரும் காயங்களுக்கு நடுவர் பொறுப்பல்லர் என்று கால்பந்து விதிப்புத்தகம் கூறினாலும், நாட்டின் சட்டம் அந்தப் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டதன்று. கண்டிப்பான சோதனை குழந்தையை மட்டுமன்றி, பயணப்படிக்கும் சிறு ஊதியத்துக்கும் நடுவராக நிற்கும் இளைஞரையும் காக்கிறது.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. விதியே தவறாக இருந்தால் என்ன செய்வது?

2007 பிப்ரவரியில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், லாவல் நகரில் நடந்த போட்டியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி, ஹிஜாப் அணிந்திருந்ததற்காக வெளியேற்றப்பட்டாள். அவளுடைய அணியும் வேறு சில அணிகளும் போட்டியிலிருந்தே விலகின. அடுத்த மாதம் கூடிய சர்வதேச வாரியம் விதியை மாற்றவில்லை. 2011-இல் ஈரான் மகளிர் அணி, ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானுக்கு எதிராக ஆட முடியாமல் போனதும் தலைத்துணியால்தான். 2012-இல் சோதனை முறையில் அனுமதி கிடைத்தது. 2014 மார்ச்சில்தான் தலையை மறைக்கும் துணிகள் ஆண், பெண் இருபாலருக்கும் முறையாக அனுமதிக்கப்பட்டன. இடையே, 2013-இல் கியூபெக் கால்பந்துக் கூட்டமைப்பு சீக்கியச் சிறுவர்களின் தலைப்பாகைக்குத் தடை விதித்தது. கனடியச் சங்கம் அக்கூட்டமைப்பையே இடைநீக்கம் செய்ய, ஃபிஃபாவின் விளக்கத்துக்குப் பிறகு, ஜூன் மாதத்தில் தடை விலக்கப்பட்டது.

பதினொரு வயதில் வெளியேற்றப்பட்ட குழந்தைக்கு, ஏழாண்டுகளில் வந்த திருத்தம் ஏறத்தாழ ஒரு பருவமே கடந்த பிறகு வந்த நீதி. இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, 'விதி விதிதான்' என்று எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஆனாலும், இதிலிருந்து நான் பெறும் பாடம், நடுவர்கள் விதியை வளைக்க வேண்டும் என்பதன்று. அன்றைய விதிப்புத்தகம் தோட்டைப் பெயர் சொல்லி விலக்கியிருந்தது. தலைத்துணியைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. விதி மௌனமாக இருக்கும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது அணிந்தவருக்கோ பிறருக்கோ ஆபத்தா? இறுதியில் 2014-இல் வாரியமும் அக்கேள்விக்குத்தான் விடை கண்டது. இன்றைய விதி, தலைத்துணி சட்டையோடு பிணைக்கப்படாமலும், கழுத்தில் ஆபத்தான மாட்டிகள் இன்றியும், துருத்திக்கொண்டு நிற்கும் பகுதிகள் இன்றியும் இருந்தால் போதும் என்கிறது. நிறம் கறுப்பாகவோ சட்டையின் முதன்மை நிறமாகவோ இருக்க வேண்டும். மென்மையான பொருளாலான முகமூடி, முழங்கால் காப்பு, விளையாட்டுக் கண்ணாடி ஆகியவற்றையும் அது அனுமதிக்கிறது. ஆக, விதி தெளிவாகப் பேசும் இடத்தில் கண்டிப்பு. மௌனமாக இருக்கும் இடத்தில் ஆபத்தை மட்டும் எடைபோடும் பகுத்தறிவு. விதியே அநீதியாகத் தோன்றினால், அதை மாற்றும்படி மேலே உரத்துக் கேட்பது. இம்மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் சிக்கல்.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. ஒரு சோடி ஷின்கார்டு சில நூறு ரூபாய்தான் என்பவர்கள், அச்சில நூறு ரூபாய் ஒரு நாள் கூலியில் பாதியாக இருக்கும் வீடுகளை அறியாதவர்கள். எல்லார்க்கும் பொதுவான விதியின் சுமை எல்லார்மீதும் சமமாக விழுவதில்லை. விதியைக் கண்டிப்பாக்கினால் முதலில் வெளியேறுவது ஏழைச் சிறுவன்தான் என்ற அச்சம் நியாயமானது.

நம் நாட்டில் இந்த அச்சத்துக்கு ஒரு பெருமித முலாமும் உண்டு. 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டத்தில், பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை மோகன் பகான் 2-1 என வென்றபோது, அந்த அணியில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 எனத் தோற்ற இந்திய அணியிலும் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினர். ஆனால், 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற தோல்வி வந்தது. அதன் பிறகே காலணி நம் ஆட்டத்தில் கட்டாயமாயிற்று. வெறுங்கால் வீரம் போற்றத்தக்கதுதான். ஆனால் அவர்கள் வெறுங்காலோடு ஆடியதில் வறுமைக்கும் பழக்கத்துக்கும் பங்கு இருந்தது. அதை நம் பிள்ளைகளுக்குக் கொள்கையாக்கிவிடக் கூடாது.

ஏழைச் சிறுவனுக்காக விதியைத் தளர்த்துவோம் என்பதன் உண்மைப் பொருள் என்ன? வசதியுள்ள குழந்தையின் எலும்புக்குக் காப்பு உண்டு, வசதியற்ற குழந்தையின் எலும்புக்கு இல்லை என்பதுதான். எலும்பு முறிந்தால் மருத்துவச் செலவைத் தாங்க முடியாதவனும் அவனே. எனவே தளர்த்த வேண்டியது விதியை அன்று. செலவை அவன் தலையிலிருந்து இறக்க வேண்டும். ஒரு போட்டிக்குப் பத்துச் சோடி ஷின்கார்டுகளைக் கொண்ட ஒரு பெட்டி போதும். ஆளுயரக் கோப்பைகளுக்கும் விளம்பரப் பதாகைகளுக்கும் ஆகும் செலவில் அது ஒரு சிறு பங்கு. அன்று அந்தப் பெட்டி இருந்திருந்தால், நோட்டு அட்டையோடு வந்த சிறுவன் இருபது நிமிடங்களை இழந்திருக்க மாட்டான்.

நான் சொல்ல வருவது இதுதான்: கண்டிப்பு விசிலோடு தொடங்கக் கூடாது, விண்ணப்பத்தோடு தொடங்க வேண்டும். அணிகள் பெயர் பதிவு செய்யும்போதே, என்னென்ன கட்டாயம், என்னென்ன விலக்கு என்பதை ஒரே பக்கத்தில், எளிய தமிழில் பெற்றோருக்குத் தர வேண்டும். காது குத்திய துளை ஆற ஆறு வாரம்வரை ஆகும் என்பதால், போட்டிக் காலத்துக்கு முன்பு காதணி விழா வைக்க வேண்டாம் என்ற ஒரு வரி அதில் இருந்தால், ஒரு குடும்பம் நாளை மாற்றி வைக்கும். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பே சோதனை முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் குறையைச் சரிசெய்ய நேரம் இருக்கும். போட்டியின் முதல் நாள் காலையில் நடுவர்கள் அனைவரும் ஒன்றுகூடி, எதில் விட்டுக்கொடுப்பு, எதில் இல்லை என்று ஒரே முடிவுக்கு வர வேண்டும். சனிக்கிழமைக்கு ஒரு விதி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விதி என்ற நிலை அங்கேயே ஒழியும்.

கடைசியாக ஒன்று: குறையைக் குழந்தையிடம் ஊரறியச் சொல்லாமல், பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். அட்டை வைத்திருந்த சிறுவனைச் சிரிப்பொலியிலிருந்து விலக்கித் தனியே அழைத்துப் பேசிய நடுவர், விதியில் ஓர் அணுவும் பிசகவில்லை. அச்சிறுவனின் மானத்தையும் காத்தார். கண்டிப்பும் கனிவும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதை அன்று நான் கண்ணாரக் கண்டேன்.

அடுத்த கோடைக்கான போட்டி அறிவிப்புகள் வரத்தான் போகின்றன. அவற்றில் பரிசுத்தொகை பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே, ஷின்கார்டு கட்டாயம், தோடு கூடாது, இல்லாதவர்க்கு நாங்கள் தருகிறோம் என்ற மூன்று வரிகளை அமைப்பாளர்கள் சேர்ப்பார்களேயானால், எந்தச் சிறுமியும், 'நேற்று மட்டும் எப்படிச் சரியாக இருந்தது?' என்று கேட்க வேண்டியிராது.